ஒற்றைப் பல்விகிதம்: தடச் சைக்கிளோட்டமும் திருகோணமலைத் துறைமுகப் பகுதியும்

துவிச்சக்கரவண்டி நமது ஆய்வேடுகளிற் பெரிதும் இடம்பெறாத ஒரு பொருளாகும். கப்பலும் புகையிரதமும் பெற்ற கவனத்தை அது பெற்றதில்லை. ஆயினும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் உழைக்கும் மக்களின் நாளாந்த வாழ்வை உருட்டிச் சென்றது அதுவே. உட்துறைமுகத்துக்கும் பின்குடாவுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நகரத்துத் தெருக்களிலே, 1957இற் பிரித்தானியர் கடற்படைத்தளத்தைக் கையளிக்கும் முன்னரும் பின்னரும், தொழிலாளர் வேலைக்குச் சென்றதும், திருக்கடலூர்க் கரையிலிருந்து மீன்பெட்டி ஊருக்குள் வந்ததும் இவ்வண்டியின் மீதுதான். மோட்டார்ச் சைக்கிள் அதன் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்ட பின்னரும், 2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சத்தின்போது, சீனக்குடாவின் பேரெண்ணெய்க் குதங்களுக்கு அயலில் வாழ்ந்தோரும் பழைய சைக்கிளைத் தூசுதட்டி எடுக்க நேர்ந்தமை நாமறிந்ததே.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இவ்வண்டியின் விளையாட்டு முகமாகும். வட்டத் தடத்தில் ஓடும் போட்டிச் சைக்கிளுக்கு எத்தகைய சில்லுகளையும் எத்தகைய பல்விகிதத்தையும் தெரிவது என்பதே வினா. இது மேலைநாட்டு மரத்தடங்களுக்கு மட்டுமுரிய வினாவென்று கருதுவோர் உளர். அவ்வாறன்று என்பதும், அத்தடங்களிற் பயிலும் எண்களை அப்படியே பெயர்த்துக்கொண்டு நமது மைதானங்களில் இறங்கும் இளைஞர் தொடக்கக் கோட்டிலேயே பாதி தோற்றுவிடுகின்றனர் என்பதும் நமது கருத்தாகும்.

முதலில் வண்டியை நோக்குவோம். தடச் சைக்கிளுக்குப் பிறேக் இல்லை. கியர் மாற்றும் பொறி இல்லை. பிறீவீலும் இல்லை. பின்பற்சில்லு ஹப்புடன் இறுகப் பூட்டப்பட்டிருப்பதால், சில்லு சுழலும்வரை மிதியும் சுழன்றேயாக வேண்டும். காலை ஓய்வாக வைத்துக்கொண்டு வண்டியை ஓடவிட முடியாது. ஆகவே ஓடுபவர் எந்தப் பல்விகிதத்துடன் புறப்படுகிறாரோ அதே விகிதத்துடன்தான் கிளம்புதல், வேகமெடுத்தல், எதிர்க்காற்றை வெல்லுதல், இறுதிப் பாய்ச்சல் ஆகிய அனைத்தையும் செய்துமுடிக்க வேண்டும். இடையில் மனத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை.

இத்தெரிவை அளக்கும் முறைக்கு ஒரு வரலாறுண்டு. சங்கிலி இல்லாத பழைய உயர்சில்லு வண்டிகளில் மிதி முன்சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. சில்லு எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் ஒரு மிதிச்சுற்றில் வண்டி செல்லும்; ஓடுபவரின் கால் நீளமே சில்லின் பருமனுக்கு எல்லை வகுத்தது. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனோல்ட் உருளைச் சங்கிலியை ஆக்கியதும், 1885இல் கொவென்ட்ரியில் ஜோன் கெம்ப் ஸ்ராலி தமது ‘ரோவர்’ வண்டியை வெளிக்கொணர்ந்ததும் அவ்வெல்லை தகர்ந்தது. சிறிய சில்லு, பற்சில்லுகளின் உதவியால், பெரிய சில்லின் வேலையைச் செய்யலாயிற்று. எனினும் ஆங்கிலேயர் பழைய பழக்கத்தை விடவில்லை. இன்றும் அவர்கள் ஒரு வண்டியின் கியரை ‘இத்தனை அங்குலம்’ என்றே குறிப்பர். அதற்கு ஈடான உயர்சில்லின் விட்டமே அவ்வங்குலம். பிரெஞ்சுக்காரர் வழி தெளிவானது. ஒரு முழு மிதிச்சுற்றில் வண்டி நகரும் தூரத்தை அவர்கள் மீற்றரிற் கூறுவர். நாமும் அதனையே கைக்கொண்டு அதனைச் ‘சுற்றுத்தூரம்’ என வழங்குவோம். முன்பற்சில்லின் பற்களைப் பின்பற்சில்லின் பற்களால் வகுத்து, வரும் விகிதத்தைச் சில்லின் சுற்றளவாற் பெருக்கினால் சுற்றுத்தூரம் கிடைக்கும்.

உதாரணத்துக்கு நாம் மரத்தடத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. மீன்பெட்டி கட்டிய சைக்கிளையே எடுக்கலாம். அதுவும் ஒற்றை விகித வண்டிதான். 28 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.23 மீற்றர். முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் இருப்பின் சுற்றுத்தூரம் 5.45 மீற்றராகும். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகம். சமதரையில், வெறும் வண்டிக்கு, இது செம்மையான ஏற்பாடே. ஆனால் வண்டி, ஆள், பெட்டி யாவும் சேர்ந்து 150 கிலோகிராம் என்றும், உவர்மலைப் பக்கம் ஏறுகையில் இருபது அடிக்கு ஓரடி உயரும் ஒரு துண்டு எதிர்ப்படுகிறது என்றும் கொள்வோம். ஏற்றத்தை வெல்ல ஏழரைக் கிலோகிராம் எடைக்கு நிகரான விசையும், ரயர் உருளுவதற்கு ஏறத்தாழ ஒன்றரையும் வேண்டும். ஆக ஒன்பது. 17 சென்ரிமீற்றர் மிதித்தண்டின் நுனி ஒரு சுற்றிற் செல்வது 1.07 மீற்றரே, வண்டியோ 5.45 மீற்றர் செல்கிறது. எனவே மிதியில் சராசரியாக 46 கிலோகிராம் விசை இடவேண்டும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஆசனத்தை விட்டெழுந்து, தம் முழு எடையையும் மாறிமாறி இரு மிதிகளிலும் இட்டாலும், மிதி மேலும் கீழும் நிற்கும் வேளைகளில் அவ்வெடை வீணாவதால், அவருக்குக் கிடைக்கும் சராசரி ஏறத்தாழ 38 மட்டுமே. எஞ்சியதைக் கைபிடியைப் பற்றி இழுத்துத்தான் ஈட்டவேண்டும். ஆகவே அவர் இறங்கித் தள்ளுகிறார். பின்பற்சில்லை 22 பல்லாக மாற்றினால் வேண்டப்படும் விசை ஏறத்தாழ 37½ ஆகக் குறைகிறது. மட்டுமட்டாக ஏறிவிடலாம்! பாரமேற்றுவோர் பெரிய பின்பற்சில்லை நாடுவது வெறும் வழக்கமன்று. அது கால் கண்டறிந்த கணிதமாகும்.

இனி மறுமுனைக்குச் செல்வோம். ஒரு மணி நேரத்தில் ஒருவர் தனியே எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதே தடச் சைக்கிளோட்டத்தின் மிகப்பழைய அளவுகோல்களுள் ஒன்று. 1972இல் மெக்சிக்கோ நகரில் பெல்ஜியத்தின் எடி மேர்க்ஸ் 49.431 கிலோமீற்றர் ஓடினார். அவரது பற்கள் 52க்கு 14. 2022இல் சுவிற்சர்லாந்தின் கிரென்ஷன் தடத்தில் இத்தாலியின் பிலிப்போ கான்னா 56.792 கிலோமீற்றர் ஓடினார். அவரது பற்கள் 65க்கு 14. தடச் சில்லின் சுற்றளவை 2.1 மீற்றரெனக் கொண்டாற் சுற்றுத்தூரம் முறையே 7.8, 9.75 மீற்றராகும். இவற்றைக்கொண்டு மிதிவேகத்தைக் கணித்தால் ஓர் உண்மை புலப்படும். மேர்க்ஸ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 105 முறை மிதித்தார். கான்னா ஏறத்தாழ 97 முறைதான். ஐம்பதாண்டுகளில் மனிதக் கால் வேகமாகச் சுழலக் கற்றுக்கொள்ளவில்லை. சற்று மெதுவாகவே சுழல்கிறது. வளர்ந்தது சுற்றுத்தூரமாகும்.

அதனை வளர்த்தவை எவை என்பதே இங்கு முக்கியம். காற்றைப் பிளக்கும் உடல்நிலை, இறுகிய உடை, கம்பிகளற்ற தட்டுச்சில்லு, மெருகேறிய மரத்தளம், காற்றசைவற்ற மூடிய அரங்கு ஆகியன ஒவ்வொன்றும் எதிர்ப்பைக் குறைத்தன. எதிர்ப்புக் குறையக் குறைய, அதே கால் அதே மிதிவேகத்திற் பெரிய விகிதத்தைச் சுழற்ற முடிந்தது. பெரிய விகிதம் வேகத்துக்குக் காரணமன்று. குறைந்த எதிர்ப்பின் விளைவே அது. காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்கிக்கொள்வதுதான் எண்ணைப் பார்த்துப் பற்சில்லு வாங்குவோர் செய்யும் தவறு. பற்களின் தொகை பெரிதாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 48க்கு 16, 51க்கு 17, 60க்கு 20 ஆகிய மூன்றும் ஒரே விகிதந்தான். ஆயினும் பெரிய பற்சில்லுகளிற் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் குறைவாக மடங்குவதாலும், சங்கிலியில் விழும் இழுவை குறைவதாலும், உராய்வில் இழக்கப்படும் வலு சற்றே குறைகிறது. உலகப் போட்டியில் நொடியின் ஆயிரத்திலொரு பங்கு முதலிடத்தைத் தீர்மானிப்பதால் அங்கு அது பொருட்படுத்தத்தக்கது. பள்ளி மைதானத்தில் அழுக்கேறிய சங்கிலியைக் கழுவி எண்ணெயிடுவது அதனினும் கூடிய பலன் தரும்.

பெரிய விகிதத்தின் கேட்டைப் போட்டி அமைப்பாளரே உணர்ந்ததுண்டு. 1948இல் கொக்குராவில் தொடங்கிய யப்பானின் கெய்ரின் பந்தயத்தில், விகிதங்கள் நான்கையும் தாண்டி ஏறிச்சென்ற காலத்தின் பின், 2014 இறுதியில் அவை நான்குக்குக் கீழே இருத்தல்வேண்டுமென வரையறுக்கப்பட்டது. உலகச் சைக்கிளோட்டச் சம்மேளனம் இளையோர் வீதிப் போட்டிகளிற் சுற்றுத்தூரத்தை 7.93 மீற்றருக்கு மட்டுப்படுத்தி நெடுங்காலம் வைத்திருந்தது. வளரும் முழங்காலைக் காப்பதே அதன் கருத்து. 2023இல் அவ்வரையறை நீக்கப்பட்டது. நீக்கியமை நன்றா என்பதில் நமக்கு ஐயமுண்டு.

திருகோணமலைக்கு மீள்வோம். 250 மீற்றர் சுற்றுடையதும் வளைவுகளில் நாற்பது பாகைக்கு மேற் சாய்ந்ததுமான மரத்தடம் எதுவும் இங்கில்லை. மக்கெய்சர் விளையாட்டரங்கு போன்ற திறந்த மைதானங்களே உள்ளன. சாய்வற்ற தரையில், புல்லிலோ மண்ணிலோ, 400 மீற்றர் வட்டத்தில் ஓடும்போது மூன்று வேறுபாடுகள் எழுகின்றன. புல்லில் ரயர் உருள்வதற்கு மரத்தளத்திலும் பன்மடங்கு விசை வேண்டும். சாய்வில்லா வளைவில் வேகத்தைக் குறைத்து மீண்டும் கூட்டவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை சிறு கிளம்புதல் நிகழ்கிறது. மூன்றாவது, காற்று.

வைகாசி தொடங்கி ஆவணி வரை வரண்டு வீசும் கச்சான் காற்றை அறியாதார் இம்மாவட்டத்தில் இல்லை. வட்டத்தில் ஓடுபவருக்கு ஒரு பக்கம் எதிர்க்காற்று, மறுபக்கம் பின்காற்று. ஆகவே ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று பலர் எண்ணுவர். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. காற்றின் எதிர்ப்பு சார்புவேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவருக்கு 15 கிலோமீற்றர் வேகக் காற்று எதிரே வந்தாற் சார்புவேகம் 55, அதன் வர்க்கம் 3025. பின்னே வந்தால் 25, வர்க்கம் 625. இரண்டின் சராசரி 1825. காற்றே இல்லாவிடின் 1600. ஆகவே பின்காற்றின் உதவியையும் சேர்த்து நோக்கினும் எதிர்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு கூடிவிட்டது. (வெம்மையால் நமது காற்று அடர்த்தி குறைந்தது என்பது மெய்யே. 15 பாகைக் குளிர்நாட்டுக் காற்றிலும் 32 பாகைக் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தரை பங்கு இலேசானது. கச்சான் அந்தச் சலுகையை ஒரே சுற்றிற் பறித்துவிடும்.)

இந்நிலையில் விகிதத்தை எதற்கேற்பத் தெரிவது? பின்காற்றுப் பக்கத்தில் எட்டும் உச்சவேகத்துக்கு ஏற்பத் தெரிந்தால், எதிர்க்காற்றுப் பக்கத்திற் கால் சிக்கிவிடும். 48க்கு 17 எனும் பற்கள் 5.93 மீற்றர் தரும். 115 மிதிவேகத்தில் இது மணிக்கு 41 கிலோமீற்றர். எதிர்க்காற்றில் வேகம் 32ஆகக் குறைந்தாலும் மிதிவேகம் 90இல் நிற்கும், அங்கிருந்து மீளலாம். 51க்கு 15 எனும் பற்களோ 7.14 மீற்றர். அதே 32இல் மிதிவேகம் 75க்கு இறங்கிவிடும். ஒவ்வொரு மிதியும் ஒரு தள்ளலாக மாறி, இரண்டு மூன்று சுற்றுகளில் தொடை ஓய்ந்துவிடும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் போட்டியில் இது இன்னும் தெளிவாகும். 165 மில்லிமீற்றர் மிதித்தண்டு எனக் கொண்டால், கான்னாவின் விகிதத்தில் மிதியில் இடும் விசையில் ஒன்பதரையில் ஒரு பங்குக்குச் சற்று மேலானதே நிலத்தை அடையும். 48க்கு 17இல் ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம். ஆகவே நமது திறந்த புல்மைதானத்தில் ஐந்தரைக்கும் ஆறேகாலுக்கும் இடைப்பட்ட சுற்றுத்தூரமே தொடங்குவதற்கு உகந்ததெனக் கருதுகிறோம். காற்று மிகுந்த நாளிற் பின்னே ஒரு பல்லைக் கூட்டினால் விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு இறங்கும். முன்னே ஒரு பல் குறைத்தால் இறங்குவது இரண்டு மட்டுமே. முன்னதைப் பருமட்டான சரிசெய்தலுக்கும் பின்னதை நுண்ணிய சரிசெய்தலுக்கும் கொள்ளலாம்.

சில்லுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். குடம், ஆர், வட்டை என வண்டிச் சில்லின் உறுப்புகளுக்குத் தமிழிற் பழஞ்சொற்கள் உண்டு. அவற்றின் இடத்தில் இன்று ஹப், கம்பி, றிம் வழங்குகின்றன. மாட்டுவண்டியின் ஆர் பாரத்தைத் தாங்கும் தூணாகும். சைக்கிளின் கம்பியோ அழுத்தினால் வளைந்துவிடும் மெல்லிய உருக்கு. இழுத்தால் மட்டுமே வலிது. அவ்வாறாயின் சில்லு எவ்வாறு நிற்கிறது? எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இறுக இழுக்கப்பட்டுள்ளன. பாரம் ஏறியதும் நிலத்தைத் தொடும் பக்கத்துக் கம்பிகளின் இறுக்கம் மட்டும் குறைகிறது. ஏனையவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. யொப்ஸ்ற் பிராண்ட் 1981இல் வெளியிட்ட சைக்கிட் சில்லு பற்றிய நூலில் இதனைத் தெளிவுபடுத்தினார். இதிலிருந்து பெறப்படும் நடைமுறை உண்மை, கம்பி அறுவது அதிக இறுக்கத்தாலன்று, பெரும்பாலும் குறைந்த இறுக்கத்தால் என்பதே. 28 அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றரில் ஏறத்தாழ 448 முறை சுழலும். நாளொன்றுக்கு 20 கிலோமீற்றர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடினால், ஒவ்வொரு கம்பியும் 26 இலட்சம் முறைக்கு மேல் தளர்ந்து இறுகுகிறது. தளர்ந்த கம்பி ஹப்பின் துளையில் வளையும் கழுத்திலே களைத்து அறும். விரலாற் சுண்டி, ஒலியைக் கேட்டு இறுக்கத்தை ஒப்பிடும் திருத்தகத்தாரின் வழக்கம் பௌதிகத்துக்கு முற்றிலும் உடன்பட்டது.

துறைமுகப் பகுதியில் இதனோடு உப்பும் சேர்கிறது. துரு பிடித்த கம்பியிற் களைப்புப் பிளவு விரைவில் தோன்றும். எனவே துருப்பிடியா உருக்குக் கம்பிகள் 36 கொண்டதும் குறுக்காகப் பின்னப்பட்டதுமான சில்லையே நாம் பரிந்துரைப்போம். ஒன்று அறுந்தாலும் ஏனைய முப்பத்தைந்து றிம்மை ஓரளவு நேராக வைத்திருக்கும். 18 அல்லது 20 கம்பிச் சில்லில் ஒன்று அறுந்தால் வளைவு உடனே பெரிதாகிவிடும். தட்டுச்சில்லைப் பொறுத்தவரை, 1984இல் மெக்சிக்கோ நகரிற் பிரான்செஸ்கோ மோசர் அதனைப் பூட்டி 51 கிலோமீற்றரைக் கடந்தது முதல் அதன் புகழ் பரவிற்று. மூடிய அரங்கில் அது சிறந்ததே. ஆனால் பக்கக்காற்று வீசும் திறந்த வெளியில் முன்னே தட்டுச்சில்லைப் பூட்டுவது பாய்மரத்தைக் கைபிடியிற் கட்டுவதற்கொப்பானது. வண்டியைத் திருப்பும் உரிமை காற்றுக்குப் போய்விடும்.

ரயரிலும் இடம் நோக்கியே முடிவு வேண்டும். மரத்தளத்திற்குரிய மெல்லிய ரயர், ரியூப்பை உள்ளே வைத்துத் தைத்துப் பசையால் றிம்மில் ஒட்டப்படுவது. மிகுந்த காற்றழுத்தம் தாங்கும். புல்லில் அத்தகைய கடும் அழுத்தம் வண்டியைத் துள்ளவைத்து வேகத்தைத் தின்னும். சற்று அகன்ற ரயரும் மிதமான அழுத்தமும் வேண்டும். ரயரைப் பற்றிப் பேசுகையில் ஒன்றைச் சொல்லாமற் போகலாகாது. 1876இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகளின் நாற்றுகள் இலண்டன் கியூ பூங்கா வழியாக இலங்கையின் ஹெனரத்கொடவை அடைந்தன. 1888இல் டன்லப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்ற பின்னர், உலகம் சைக்கிளேறிய வேகத்திலே றப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. அத்தோட்டங்களிற் பால் வெட்டியோருள் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரும் இருந்தனர். ஐரோப்பியத் தடங்களின் வேகத்துள் அவர்தம் உழைப்பும் உறைந்துள்ளது.

ஓர் ஆபத்தை இங்கு வற்புறுத்திக் கூறுதல் கடமையாகும். உண்மையான தட ஹப்பில் இரண்டு புரிகள் உள. பற்சில்லு வழக்கமான வலப்புரியில் ஏறும். அதன்மேல் ஒரு பூட்டு வளையம் இடப்புரியில் ஏறும். ஓடுபவர் வேகத்தைத் தணிக்க மிதியைப் பின்னோக்கித் தடுக்கும்போது பற்சில்லு கழலப் பார்க்கும். அத்திசையிற் பூட்டு வளையமோ இறுகும். சாதாரண பிறீவீல் ஹப்பிலும் நிலைப்பற்சில்லு ஏறிவிடும், ஏனெனில் முதற்புரி ஒன்றே. ஆனால் அதில் இடப்புரி இல்லை. அத்தகைய வண்டியில் பிறேக்கையும் கழற்றிவிட்டுப் பின்னோக்கித் தடுத்தாற் பற்சில்லு கழன்று சுழலும். நிறுத்துவதற்கு எதுவும் இராது. செலவு குறைவென்று கருதி இவ்வாறு மாற்றியமைப்பது உயிரோடு விளையாடுவதாகும். சங்கிலியும் தொய்வாக இருத்தலாகாது. பற்சில்லிலிருந்து அது நழுவினால் அதுவும் இதே கதிதான். பயிற்சிக்கெனத் தெருவில் ஓடும் நிலைப்பற்சில்லு வண்டியில் முன்பிறேக் கட்டாயம் இருக்கவேண்டும்.

வங்கக்கடலின் மறுகரையில் நிகழ்ந்த ஒன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. திருகோணமலைக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, அதே அகலக்கோட்டை அண்டி, நிக்கோபார்த் தீவுகள் உள்ளன. 2004 மார்கழி 26இன் கடற்கோள் இரு கரைகளையும் ஒரே நாளில் அழித்தது. அத்தீவுகளிலிருந்து வந்த எசோ அல்பன் 2018இல் இளையோர் உலகப் போட்டியிற் கெய்ரின் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2019இல் ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் அன் டெர் ஓடரில் மணிப்பூரின் ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோருடன் இளையோர் அணி விரைவோட்டத்தில் உலகத் தங்கமும் வென்றார். தீவுச் சிறுவரின் காலில் தனியொரு மந்திரம் இல்லை. டெல்லியில் 250 மீற்றர் மரத்தடமும், அங்கு தங்கிப் பயில வசதியும், ஒவ்வொருவரின் வலுவையும் மிதிவேகத்தையும் அளந்து விகிதத்தைத் தீர்மானிக்கும் பயிற்சியாளரும் இருந்தனர். கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் அத்தகைய கால்கள் இல்லையென்று எவரும் நிறுவியதில்லை.

மரத்தடம் வரும்வரை அளவிடுவதை ஒத்திவைக்கத் தேவையில்லை. ரயரிற் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, ஆளை ஏற்றி, ஒரு சுற்று உருட்டி நிலத்தில் அளந்தால் உண்மையான சுற்றளவு கிடைக்கும்; அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பவேண்டியதில்லை. ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் முன்பல், பின்பல், காற்றின் திசை, ஒவ்வொரு சுற்றுக்குமான நேரம் ஆகிய நான்கையும் கொப்பியொன்றிற் குறிக்கலாம். முதற் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் இடையில் நேரம் பெரிதும் கூடினால் விகிதம் பெரிது. பின்காற்றுப் பக்கத்தில் ஓடுபவர் ஆசனத்தில் துள்ளத் தொடங்கினால் விகிதம் சிறிது. ஒரு பருவகாலத்துக் குறிப்பு, வெளிநாட்டுச் சஞ்சிகைகளின் பட்டியல்களிலும் பயன்மிக்கதாக இருக்கும்.

நமது ஊர் விளையாட்டு விழாக்களில் விரைவோட்டத்தைப் போலவே கூட்டம் சேர்க்கும் மெதுவான சைக்கிளோட்டத்துக்கும் இக்கணக்குப் பொருந்தும். கால் தரையிற் படாமல் கடைசியாக வந்து சேர்பவரே அதில் வெற்றியாளர். ஆகவே சுற்றுத்தூரம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நன்று. 44க்கு 22 பூட்டிய மீன்பெட்டி வண்டிக்கு அங்கு நிகரில்லை. அப்போட்டிக்குப் பல்விகித வரையறை எதனையும் எந்தச் சம்மேளனமும் இதுவரை விதிக்கவில்லை.